சோயா மீற்றுக்கு மாற்றாக வீட்டில் எதைச் செய்யலாம்?

ஒட்டுசுட்டானிலிருந்து எழுதியிருக்கும் சகோதரி கேட்டிருப்பது இதுதான்: மாமியார் சிவதீட்சை பெற்ற பிறகு வீட்டுச் சமையல் முழுவதும் சைவமாகிவிட்டது, 14 வயது மகனுக்கு இறைச்சிக் கறி இல்லாமல் சோறு இறங்குவதில்லை, வாரத்தில் 3 நாள் சோயா மீற் சமைத்து எல்லோருக்கும் சலித்துவிட்டது, அதன் விலையும் ஏறிவிட்டது, அதைப் போன்ற ஒன்றை வன்னியில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு வீட்டிலேயே செய்ய இயலுமா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கறியில் கிடக்கும் துண்டைக் கடிக்கும்போது தசைபோலக் கடிபட வேண்டும் என்பது மகனின் தேவை. வளர்கின்ற பிள்ளைக்கு இறைச்சியால் கிடைத்த புரதமும் இரும்பும் குறைந்துபோகக் கூடாது என்பது தாயின் கவலை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காத வரையில் சரியான பதில் கிடைக்காது. ஏனென்றால் இறைச்சிபோலக் கடிபடும் பல பொருட்களில் புரதம் மிகக் குறைவு, புரதம் நிறைந்த நம்முடைய தானியங்களோ அவித்தால் குழைந்துவிடுகின்றன. நான் உணவு விஞ்ஞானம் படித்து, வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் மாதர் சங்கங்களுக்கு உணவு பதப்படுத்தும் பயிற்சிகளை நடத்தி வருபவன்; அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் சோயா மீற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை வீட்டில் செய்ய இயலாது. சோயா அவரையிலிருந்து எண்ணெயை எடுத்த பின் எஞ்சும் மாவைச் சிறிதளவு நீருடன் குழைத்து, திருகாணிபோலச் சுழலும் தண்டு பூட்டிய குழாய்க்குள் மிகுந்த அழுத்தத்தில், ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தள்ளுவார்கள். அந்த வெப்பத்தில் புரதம் உருகி, தள்ளப்படும் திசையில் நார்நாராக அடுக்கப்படுகிறது; குழாயின் வாயால் வெளியே வந்தவுடன் அழுத்தம் திடீரென்று குறைவதால் உள்ளேயிருந்த நீர் ஆவியாகப் பாய்ந்து, துண்டு பொருமி, கடற்பஞ்சு போன்ற துளைகள் உண்டாகின்றன. அடுப்பிலோ அழுத்தச் சமையற் பாத்திரத்திலோ இந்த நிலையை உண்டாக்க முடியாது. ஆகவே சோயா மாவைப் பிசைந்து உருட்டி வெயிலில் காயவைத்தால் சோயா மீற் கிடைக்கும் என்று சொல்லும் குறிப்புகளை நம்பி மாவை வீணாக்க வேண்டாம். அவ்வாறு செய்தால் கிடைப்பது கறியில் கரைகின்ற காய்ந்த உருண்டைதான். கடைச் சரக்கில் அஞ்சுவதற்கு ஏதுமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உலர்ந்த சோயா மீற்றில் ஏறத்தாழ பாதி எடை புரதம். கவனிக்க வேண்டியது அதனுடன் வரும் சுவைத்தூள் பைக்கற்றை மட்டுமே. அதில் உப்பு அதிகம். அதை ஒதுக்கிவிட்டு, துண்டுகளைச் சுடுநீரில் ஊறவைத்து, இரண்டு முறை பிழிந்து, உங்கள் வீட்டுக் கறித்தூளில் சமைத்தால் பச்சை மணமும் போய்விடும்.

வீட்டில் செய்யக்கூடியவற்றுள் சோயா மீற்றுக்கு மிக நெருங்கி வருவது, உறையவைத்து உருக்கிய சோயாக் கட்டி. இது பாலைத் திரைத்துப் பன்னீர் செய்வது போன்ற வேலைதான். 500 கிராம் சோயா அவரையைக் கழுவி 8 மணித்தியாலம் ஊறவையுங்கள். நம்முடைய வெப்பத்தில் நீர் புளித்துவிடும் என்பதால் இடையில் ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். தோலைத் தேய்த்து அகற்றி, மொத்தம் 4 லீற்றர் நீர் சேர்த்து நன்றாக அரைத்து, பெரிய பாத்திரத்தில் கிண்டிக்கொண்டே காய்ச்சுங்கள். இங்கே ஒரு முக்கியமான விடயம் உண்டு. சோயாப் பால் உண்மையில் கொதிப்பதற்கு முன்பே நுரைத்துப் பொங்கும். அதைக் கொதி என்று எண்ணி இறக்கிவிடக் கூடாது. பச்சைச் சோயாவில் புரதச் சமிபாட்டைத் தடுக்கும் பொருட்கள் உள்ளன, அவை போதிய வெப்பத்தில்தான் செயலிழக்கும். ஆகையால் நுரை அடங்கி உண்மையாகக் கொதிக்கத் தொடங்கிய பின் இன்னும் 10 நிமிடம் மெல்லிய தீயில் கொதிக்கவிட வேண்டும். பின்னர் துணியில் வடித்துப் பிழிந்து, பாலைச் சில நிமிடம் ஆறவிட்டு, 5 அல்லது 6 மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றை ஒரு கோப்பை நீரில் கலந்து மூன்று தடவையாக ஊற்றி மெதுவாகக் கிண்டினால் பால் திரைந்து, இளமஞ்சள் நிறமான தெளிந்த நீர் பிரியும். திரைந்ததைத் துணியில் கட்டி, மேலே அம்மிக் குழவியை வைத்து ஒரு மணித்தியாலம் அழுத்தினால் உறுதியான கட்டி கிடைக்கும். எஞ்சும் சக்கையையும் எறிய வேண்டாம். வெங்காயமும் மிளகாயும் சேர்த்து வடையாகத் தட்டலாம்.

இந்தக் கட்டி அப்படியே கறிக்குப் போனால் மகன் அதை இறைச்சி என்று ஏற்கப் போவதில்லை. அதை இரண்டு விரல் தடிப்பில் வெட்டி, ஒரு முழு நாள் உறைபெட்டியில் கல்லாக உறையவிடுங்கள். உள்ளே உண்டாகும் பனிப்படிகங்கள் புரதத்தை ஒதுக்கி நெருக்குவதால், உருகிய பின் அது துளைகள் நிறைந்த, இழுத்தால் நாராகக் கிழிகின்ற பொருளாக மாறியிருக்கும். நீரைப் பிழிந்து, கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்து, எண்ணெயில் பொன்னிறமாக வதக்கிக் குழம்பில் போட்டால் சாற்றை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். யப்பானில் கோயா மலையின் பௌத்த துறவிகளின் பெயரோடு வழங்கும் பழைய முறை இது. அவர்களுக்குக் குளிர்காலம் செய்து கொடுத்ததை நமக்கு உறைபெட்டி செய்து கொடுக்கிறது. தேசிக்காய்க்குப் பதிலாக உப்பளத்தில் உப்பு விளைந்த பின் எஞ்சும் கசப்பு நீரால் திரைப்பதே யப்பானிய வழக்கம் என்பதால், ஆனையிறவு உப்பளம் பக்கத்தில் இருக்கிறதே, அங்கே வாங்கலாமா என்று பயிற்சிகளில் கேட்பார்கள். உணவுக்கென்று சுத்திகரித்துப் பரிசோதிக்காத கசப்பு நீரைச் சமையலறைக்குக் கொண்டுவர வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். பயிருக்குப் போடும் எப்சம் உப்புக்கும் இதே பதில்தான்.

உறைபெட்டி இல்லாத வீட்டுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது கோதுமைப் புரதம். சீனாவின் பௌத்த மடங்களில் நூற்றாண்டுகளாகச் சைவ இறைச்சியாகச் சமைக்கப்படுவது இதுவே. கடையில் வாங்கும் சாதாரண வெள்ளைக் கோதுமை மா 1 கிலோகிராமை, சிறிது உப்புச் சேர்த்து ரொட்டிக்குப் பிசைவதிலும் சற்று இறுக்கமாக, 10 நிமிடம் அடித்துப் பிசையுங்கள். அந்த உருண்டை மூழ்கும்படி நீர் ஊற்றி ஒரு மணித்தியாலம் விட்டுவிட்டு, பின்னர் அந்த நீருக்குள்ளேயே பிசைந்து கழுவுங்கள். மாச்சத்து பால்போலக் கரைந்து வெளியேறும். நீரை மாற்றி மாற்றி ஐந்தாறு தடவை கழுவினால் கையில் இறப்பர்போல இழுபடும் ஒரு பொருள் எஞ்சும். இடையில் அது துண்டுதுண்டாகப் பிரிந்து, எல்லாம் கெட்டுவிட்டது என்று தோன்றும் ஒரு கட்டம் வரும். அரிதட்டில் பிடித்துச் சேர்த்துத் தொடர்ந்து பிசைந்தால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். நீர் முற்றாகத் தெளியும்வரை கழுவ வேண்டாம். இலேசாகக் கலங்கியிருக்கும்போதே நிறுத்தினால், எஞ்சிய சிறிதளவு மாச்சத்து கறியை மென்மையாக்கும். 1 கிலோகிராம் மாவில் ஈரத்தோடு ஏறத்தாழ 300 கிராம் கிடைக்கும், அதில் 70 கிராம் அளவில் புரதம் இருக்கும். கழுவிய முதல் இரண்டு நீரையும் தெளியவைத்தால் அடியில் படியும் மாச்சத்தைக் கஞ்சிக்கும் அப்பத்துக்கும் பயன்படுத்தலாம். கோடையில் கிணறு வற்றும் காலத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், அல்லது கழுவிய நீரை வாழைக்கு ஊற்றுங்கள்.

இதை அப்படியே கொதிநீரில் போட்டு அவிப்பதுதான் பெரும்பாலான குறிப்புகளில் உள்ளது. அவ்வாறு செய்தால் நீரைக் குடித்துப் பொருமி, மெல்லும்போது வழுக்குகிறது. நான் சொல்வது வேறு வழி. கௌபியை இரவு முழுவதும் ஊறவைத்து, அவித்து, நீரில்லாமல் மசித்துக்கொள்ளுங்கள். கழுவி எடுத்த 300 கிராம் கோதுமைப் புரதத்தைச் சிறு துண்டுகளாகப் பிய்த்து, அதில் 3 மேசைக்கரண்டி மசித்த கௌபி, வறுத்த கறித்தூள், அரைத்த உள்ளி, இஞ்சி, பெருஞ்சீரகத் தூள், உப்பு, ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசையுங்கள். முதலில் சேராமல் அடம்பிடிக்கும். 5 நிமிடம் பிசைந்த பின் ஒன்றாகிவிடும். 20 நிமிடம் ஓய்வு கொடுத்து, நீளமாக இழுத்து, முறுக்கி, முடிச்சுப்போட்டுக்கொள்ளுங்கள். நார்த் தன்மை பிறப்பது இந்த இழுப்பிலும் முறுக்கிலும்தான், மசாலாவில் இல்லை. வாட்டிய வாழையிலையில் இறுக்கமாகச் சுற்றி, இட்டலிச் சட்டியிலோ நீத்துப்பெட்டியிலோ ஒரு மணித்தியாலம் ஆவியில் அவித்து, முற்றாக ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது வெட்டினால் இறப்பர்போல இருக்கும். ஆறி இறுகிய பின் கையால் கிழித்தால் கோழி நெஞ்சிறைச்சியைப்போல நாராகப் பிரியும்.

கௌபியை ஏன் சேர்க்கச் சொல்கிறேன் என்பதையும் விளக்க வேண்டும். கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் மிகக் குறைவு. வளரும் பிள்ளைக்கு அது இன்றியமையாதது. கௌபி, பயறு, உழுந்து போன்ற அவரை வகைகளில் லைசின் தாராளமாக இருக்கிறது, அவற்றில் குறைவான மெதியோனின் என்னும் இன்னோர் அமினோ அமிலத்தைக் கோதுமையும் அரிசியும் ஈடுசெய்கின்றன. மூன்று கரண்டி கௌபி மட்டும் இந்தக் குறையைத் தீர்த்துவிடாது; அன்றைய சோற்றோடு ஒரு பருப்புக் கறியோ பயற்றங்கறியோ இருந்தால் கணக்குச் சரியாகிவிடும். இரண்டையும் ஒரே வேளையில்தான் சாப்பிட வேண்டும் என்ற பழைய கருத்து இப்போது வலுவிழந்துவிட்டது. ஒரே நாளுக்குள் சேர்ந்தால் போதும்.

என் மனம் அதிகம் சாய்வது நம்முடைய உழுந்தின் பக்கம்தான். வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மேட்டுநிலங்களில் மாரியில் விளையும் உழுந்திலும் பயற்றிலும் கௌபியிலும் நூற்றுக்கு 23 முதல் 25 பங்கு புரதம் இருக்கிறது. இதை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் சோயா மீற் பைக்கற் வாங்கும் வீடுகளைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. தோல் நீக்கிய உழுந்தையும் பயற்றம் பருப்பையும் சம அளவில் 3 மணித்தியாலம் ஊறவைத்து, நீரை முற்றாக வடித்து, கொரகொரப்பாக அரைத்து, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை சேர்த்து, எண்ணெய் தடவிய தட்டில் ஒரு விரல் உயரத்துக்குப் பரப்பி 20 நிமிடம் ஆவியில் அவியுங்கள். ஆறிய பின் துண்டுபோட்டு, தாச்சியில் எண்ணெய் விட்டு எல்லாப் பக்கமும் சிவக்கப் பொரித்துக் குழம்பில் கடைசியாகப் போட வேண்டும். உழுந்திலுள்ள வழுவழுப்பான பசைப்பொருள் துண்டைப் பிடித்துவைத்திருக்கும், அதனால் பருப்பு உருண்டைபோல இது கரையாது. நார் இருக்காது, ஈரல் கறியின் கடி இருக்கும். வேப்பம்பூ வடகத்துக்கு மாவை அரைப்பதுபோல அரைத்து, பூவில்லாமல், சிறு துண்டுகளாகக் கிள்ளிவைத்து பங்குனி, சித்திரை வெயிலில் நொறுங்கும்வரை மூன்று நான்கு நாள் காயவிட்டால், மழைக்காலம் வரை வைத்திருக்கக்கூடிய, சுடுநீரில் ஊறவைத்துச் சமைக்கக்கூடிய சரக்கு கிடைக்கும். சோயா மீற்றின் வசதியை நம் வீட்டு முற்றத்தில் தரக்கூடியது இதுவே. ஈரம் எஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் கண்டதைக் கழுவிப் பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள். கச்சானை அரைத்துச் சேர்ப்பவர்கள் சுருங்கிய, நிறம்மாறிய பருப்புகளைப் பொறுக்கி அகற்ற வேண்டும், ஏனென்றால் அவற்றில் உண்டாகும் அஃப்ளாரொக்சின் நஞ்சு சமையல் வெப்பத்தால் முற்றாக அழிவதில்லை.

பலாப்பிஞ்சு, வாழைப்பொத்தி, காளான் ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள்; எனக்குச் சொல்ல அதிகமில்லை. பலாப்பிஞ்சை அவித்து நசித்துப் பிரட்டினால் கடி அருமையாக இருக்கும், ஆனால் அதில் புரதம் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்குதான். விருந்தாளிக்குப் பரிமாறலாம், மகனின் புரதக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வளர்க்கும் சிப்பிக் காளானும் ஏறத்தாழ அப்படித்தான். மாரி தொடங்கியதும் காட்டிலும் புற்றிலும் முளைக்கும் காளானைப் பெயர் சொல்லி அடையாளம் காணத் தெரிந்த மூத்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் பார்க்காத எதையும் பறித்துச் சமைக்காதீர்கள். வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா என்று பார்ப்பது, மஞ்சள் போட்டுப் பார்ப்பது போன்ற சோதனைகள் எவையும் நச்சுக் காளானைக் காட்டித் தருவதில்லை.

இந்தோனேசியாவின் ரெம்பே பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவித்த சோயாவின் மீது ரைசோபஸ் என்னும் பூஞ்சையை வளர்த்து ஒன்றரை நாளில் கட்டியாக்கும் உணவு அது. 30 பாகைக்கு மேற்பட்ட நம்முடைய வெப்பம் அதற்குப் பொருத்தமானது, கௌபியிலும் செய்யலாம். ஆனால் தூய வித்துப்பொடி கையில் இல்லாமல், தானாகப் பூஞ்சணம் பிடிக்கும் என்று விட்டுவைப்பது ஆபத்தான வேலை. வெண்பஞ்சுபோலப் படர்ந்து நல்ல காளான் மணம் வீசினால் சரி, சிறிது கருஞ்சாம்பல் புள்ளியும் கெடுதியில்லை. இளஞ்சிவப்பு, செம்மஞ்சள், பிசுபிசுப்பு, நாற்றம் எதைக் கண்டாலும் புதைத்துவிடுங்கள். தென்னை நிறைந்த ஊரிலிருந்து கேட்பதால் இதையும் அழுத்திச் சொல்கிறேன்: தேங்காய்ப்பூச் சக்கையை ஒருபோதும் இப்படிப் புளிக்கவைக்க வேண்டாம். யாவாவில் தேங்காய்ப் பிண்ணாக்கில் செய்த ரெம்பேயில் ஒருவகைப் பற்றீரியா உண்டாக்கிய நஞ்சால் பலர் இறந்தனர். இந்தோனேசிய அரசு 1988 இல் அதன் தயாரிப்பையே தடைசெய்தது. அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது.

இறைச்சிக் கறியின் சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு நம்முடைய வறுத்த கறித்தூளும், உள்ளியும், பெருஞ்சீரகமும், றம்பையும், வற்றவைத்த முதற்பாலும் தருவதுதான். எனவே அந்தப் பகுதியில் எதையும் குறைக்க வேண்டியதில்லை. இரண்டு விடயங்களை மட்டும் மாற்ற வேண்டும். இறைச்சி தன் சாற்றைக் குழம்புக்குக் கொடுக்கும், இந்தத் துண்டுகளோ குழம்பின் சாற்றை உறிஞ்சும். ஆகவே குழம்பை முதலில் முழுமையாகச் சமைத்து, சற்றுத் தண்ணீராகவே விட்டு, பொரித்த துண்டுகளைச் சேர்த்து 10 நிமிடம் மூடிவைத்த பின் பிரட்டுங்கள். இறைச்சியின் கொழுப்பு இங்கே இல்லாததால் தாளிக்கும்போது எண்ணெயைச் சிறிது கூட்ட வேண்டும். கௌபியோ கடலையோ மெத்தென்று அவியவில்லை என்றால் அப்பச்சோடா போடாதீர்கள், அது தயமின் என்னும் பி1 விற்றமினை அழித்துவிடும்; பல ஊர்களில் கிணற்று நீரின் கடினத்தன்மைதான் காரணம், கொதித்து ஆறித் தெளிந்த நீரில் ஊறவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மகனைப் பற்றிய கவலைக்கு வருகிறேன். அந்த வயதில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.9 கிராம் புரதம் வேண்டும். 45 கிலோகிராம் எடையுள்ள பிள்ளைக்கு 40 கிராம் அளவு. தாவரப் புரதம் சற்றுக் குறைவாகச் சமிப்பதால் 45 என்று வைத்துக்கொள்ளலாம். சோறு, ஒரு பருப்புக் கறி, மேலே சொன்னவற்றுள் ஒன்று, ஒரு கோப்பை தயிர் என்றிருந்தால் இது எட்டக்கூடியதே. இரும்புச்சத்து தாவர உணவிலிருந்து குறைவாகவே உறிஞ்சப்படும். கறியில் தேசிக்காய் பிழிவது உதவும், சாப்பிட்டவுடன் பிளேன்ரீ குடிப்பது தடுக்கும், ஒரு மணித்தியாலம் பொறுக்கச் சொல்லுங்கள். பி12 விற்றமின் இங்கே சொன்ன எந்தத் தாவர உணவிலும் நம்பத்தக்க அளவில் இல்லை. ரெம்பேயில் சில வேளைகளில் காணப்படுகிறது என்றாலும் அதை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. பாலும் தயிரும் உங்கள் வீட்டில் ஏற்கப்படுவதால் அவற்றை நாள்தோறும் கொடுங்கள். சோயா ஆண்பிள்ளைகளின் ஓமோனைக் குறைக்கும் என்ற அச்சத்துக்கு இதுவரை மனிதரில் நடந்த ஆய்வுகளின் தொகுப்புகள் ஆதரவு தரவில்லை; அவை பெரும்பாலும் வளர்ந்த ஆண்களிடம் செய்யப்பட்டவை என்பதால், ஒரே உணவை நாள்தோறும் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுப்பதையே சொல்வேன். தைரொயிட் மாத்திரை எடுப்பவர்கள் சோயாவையும் மாத்திரையையும் சில மணித்தியால இடைவெளியில் எடுக்க வேண்டும்.

நான் மருத்துவன் இல்லை என்பதால் ஒரு விடயத்தை உங்கள் வைத்தியரிடமே விட்டுவிடுகிறேன். நம்முடைய பகுதிகளில் சிறுநீரக நோயாளர்கள் பலர் இருக்கிறார்கள். மாமியாருக்கோ வீட்டில் வேறு எவருக்குமோ அந்த நோய் இருந்தால், இங்கே சொன்ன புரதம் மிகுந்த உணவுகளை எவ்வளவு உண்ணலாம் என்பதை இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும். கோதுமை ஒவ்வாதவர்களுக்குக் கோதுமைப் புரதம் முற்றாக ஆகாது. அவித்தெடுத்த எந்தத் துண்டையும் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அன்றைக்கே முடித்துவிடுங்கள். பெட்டி இருந்தால், மூடிய பாத்திரத்தில் 4 நாள் வரை வைத்துச் சமைக்கலாம்.